பொத்தான் மட்டும்தான் பாக்கி

உட்காருங்கள் சார். நின்றால் மட்டும் சட்டை சீக்கிரம் வந்துவிடாது. அந்த ஸ்டூலில் இருக்கிற துணியைத் தூக்கிக் கீழே வையுங்கள். அது போன வருஷத்துத் துணி. அதற்கு ஆள் வருவார். வருகிறபோது வரட்டும்.

உங்களுடையது பத்து நிமிஷ வேலை. பொத்தான் மட்டும்தான் பாக்கி.

வெளியே ஹாரன் அடிப்பது உங்கள் வீட்டம்மாவா? வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹாரன் சத்தம் கேட்டால் எனக்குக் கை நடுங்கும். கை நடுங்கினால் தையல் கோணும். அப்புறம் பிரித்துத் தைக்க வேண்டும். யாருக்கு நஷ்டம்?

எதைப் பார்க்கிறீர்கள்? ஆணியில் தொங்குகிறதே, அதுவா? கார் சீட் கவர். மெரூன் கலர் வெல்வெட். முழுக் கவர் இல்லை, ஒரு துண்டு. அது இங்கே எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். நான் அதிகம் பேசுகிற ஆளும் இல்லை.

கேட்டுவிட்டீர்கள். சரி. சுருக்கமாகச் சொல்கிறேன்.

எல்லாம் அந்த ஆபத்பாந்தவன் செய்த வேலை. சாமி இல்லை, கம்பெனி. ‘ஆபத்பாந்தவன் வாகன மீட்பு.’ ரோட்டில் கார் நின்றுபோனால் போன் போட வேண்டும். வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம். வருஷா வருஷம் சந்தா. அதற்கு ஒரு அட்டை. அட்டையில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி படம். படத்தில்தான் தூக்குவார்கள்.

போன வைகாசியில் நடந்தது. நம்ம பெரியகுளம் பையன், சதீஷ்பாண்டி என்று பெயர். ஓசூரில் வேலை. கல்யாணத்துக்குக் கோட் தைக்க வேண்டும் என்று கோயமுத்தூரில் துணி எடுத்துக்கொண்டு வந்தான். நல்ல துணி. கருநீலம். கல்யாணத்துக்கு இரண்டு மாசம் இருக்கும்போதே வந்துவிட்டான். அளவு எடுத்தேன். அவன் கண் முன்னாலேயே மேஜையில் விரித்து ஒரு வெட்டுப் போட்டேன்.

அது என் பழக்கம் சார். துணி வந்த அன்றைக்கே ஒரு வெட்டுப் போட்டுவிடுவேன். பிற்பாடு தைப்பது பிற்பாடு. வெட்டு விழுந்துவிட்டால் துணி எங்கேயும் போகாது. இல்லையென்றால் ஆள் மனசு மாறும், அடுத்த கடைக்குத் தூக்கிக்கொண்டு போவான். வெட்டுப் போட்ட துணியை எந்த டெய்லரும் தொட மாட்டான். நானும் தொட மாட்டேன். தொழில் தர்மம்.

உங்களுடையதா? உங்களுடையதற்கும் அன்றைக்கே போட்டாச்சு. கவலைப்படாதீர்கள்.

அந்தப் பையனுக்குப் பொறுமை இல்லை. வாரா வாரம் ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்து இதே ஸ்டூலில் உட்காருவான். “ஆச்சா மாஸ்டர்?” என்பான். “ஆகிக்கிட்டே இருக்கு தம்பி” என்பேன். நான் பொய் சொல்ல மாட்டேன். ஆகிக்கொண்டுதான் இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் திண்டுக்கல்லில் ரிசப்ஷன். ஆறு மணிக்கு. பெண்ணின் அப்பா பூட்டுக்கடை பால்ச்சாமி. கறாரான ஆள். கடிகாரத்தைப் பார்த்துத்தான் தும்முவார் என்று சொல்வார்கள். நிச்சயதார்த்தத்துக்கே மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணி நேரம் லேட்டாகப் போயிருக்கிறார்கள். அன்றைக்கும் என்னிடம் சட்டை வாங்கிக்கொண்டு நேராகத்தான் போனார்கள். ஆனாலும் லேட். ஒழுங்கில்லாத குடும்பம், என்ன செய்வது.

பால்ச்சாமி அன்றைக்கே சொல்லிவிட்டாராம். “இன்னொரு தடவ என் பொண்ண மேடையில தனியா உக்கார வெச்சீங்கன்னா, மண்டபத்தப் பூட்டிட்டு எம்பொண்ணக் கூட்டிட்டுப் போயிருவேன். கல்யாணமும் கிடையாது, கருமாதியும் கிடையாது.” விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. பூட்டு வேறு அவரிடம் நிறைய இருக்கிறது.

ரிசப்ஷன் அன்று மத்தியானம். வீட்டு ஜனமெல்லாம் வேனில் போயாச்சு. சதீஷ்பாண்டியும் அவன் தாய்மாமன் மொக்கைச்சாமியும் மட்டும் காரில் வந்து என் கடை வாசலில் நின்றார்கள். கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போவதாகத் திட்டம். கார் மொக்கைச்சாமியுடையது. பழைய வண்டிதான், ஆனால் சீட் கவர் மட்டும் புதுசு. மெரூன் கலர் வெல்வெட். கல்யாணத்துக்கென்று போட்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்கிற ஆள்.

கோட் ஏறக்குறைய ஆகியிருந்தது. உடம்பு ரெடி. கைதான் இரண்டும் இணைக்கவில்லை. அப்புறம் உள்துணி. அப்புறம் காலர். பொத்தான். அவ்வளவுதான்.

பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையில் கை வைத்துக்கொண்டான். மொக்கைச்சாமி வாசலை மறித்து நின்றார்.

“மாஸ்டர், கோட்டத் தர்றீங்களா, இல்ல துணியத் தர்றீங்களா?”

“வெட்டுன துணிய வெச்சுக்கிட்டு என்னய்யா பண்ணுவ? ஒருத்தன் தொட மாட்டான்.”

“அப்ப என்னதான் வழி?”

நான் என்ன ஈவிரக்கம் இல்லாத ஆளா? ஊசி, நூல், கத்தரி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டேன். கடையை இழுத்து மூடினேன். “ஏறுங்கய்யா. நானும் வர்றேன். வழியில தெச்சுக்கலாம். பத்து நிமிஷ வேலை” என்றேன். எந்த டெய்லர் செய்வான் சார் இதை? மொக்கைச்சாமி ஒரு நன்றி சொல்லவில்லை. “செருப்பக் கழட்டிட்டு ஏறுய்யா” என்றார். அவ்வளவுதான்.

தேவதானப்பட்டி தாண்டினோம். இடது பக்கம் மாந்தோப்பு. பானட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. வண்டி இரண்டு தரம் இருமியது. நின்றுவிட்டது.

மொக்கைச்சாமி கொஞ்சமும் கலங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து, ரேஷன் கடையில் காட்டுகிற மாதிரி எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினார். “இதுக்குத்தான் சந்தா கட்டுறது. இப்ப பாரு மாப்ள, ராஜா மாதிரி வந்து தூக்கிட்டுப் போவான்.”

போன் போட்டார். முதலில் பாட்டு. அப்புறம் ஒரு பொண்ணு.

“வணக்கம் சார், பாதுகாப்பான இடத்துல நிக்கிறீங்களா?”

“ரோட்டுல நிக்கிறோம்மா.”

“லேண்ட்மார்க் சொல்லுங்க சார்.”

“மாந்தோப்பு.”

“மாந்தோப்புன்னு எங்க சிஸ்டத்துல வரல சார். பக்கத்துல மால் ஏதாவது இருக்கா?”

“தேவதானப்பட்டியில என்னம்மா மாலு? இளநிக் கடைதான் இருக்கு.”

“சரிங்க சார். பத்து நிமிஷத்துல நம்ம டெக்னீஷியன் வந்துருவாரு.”

பத்து நிமிஷம். இந்தப் பத்து நிமிஷம் என்று சொல்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது சார். மணி தெரியாதவர்கள். அடுத்தவன் நேரத்துக்கு மதிப்பில்லாதவர்கள்.

இருங்கள், ஹாரன் மறுபடி. பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

சொல்லியாச்சா? முறைத்தார்களா? முறைப்பார்கள்.

எங்கே விட்டேன்? ரோட்டில். நான் நேரத்தை வீணடிக்கிற ஆள் இல்லை. பையனைக் காருக்கு வெளியே நிறுத்திக் கோட்டை மாட்டினேன். கையில்லாத கோட். ஒரு கையை எடுத்துத் தோளில் வைத்துக் குண்டூசி குத்தினேன். இன்னொரு கை, இன்னொரு பக்கம். மொத்தம் ஒரு டப்பா குண்டூசி. “கைய அகட்டி வெச்சுக்க தம்பி. மடக்குனா குத்தும்” என்றேன். அவன் இரண்டு கையையும் விரித்து மாந்தோப்பைப் பார்த்து நின்றான்.

இளநீர் விற்கிற அம்மா அங்கிருந்து கேட்டது. “ஏன்யா, அது மாப்பிள்ளையா, சோளக்கொல்லை பொம்மையா? தோப்புக்குள்ள கிளி வர மாட்டேங்குதே.”

“மாப்பிள்ளைதாம்மா. சாயங்காலம் ரிசப்ஷன்.”

“பாவம், பொண்ணு பாத்துத்தான் சம்மதிச்சுதா?”

பையனுக்குத் தாகம். அவனுக்கு அந்த அம்மாதான் இளநீரை வாயில் பிடித்துக் குடிக்க வைத்தது. கையை மடக்கக் கூடாதே.

பத்து நிமிஷம் எத்தனை முறை போனது தெரியவில்லை. வெயில் ரோட்டின் அந்தப் பக்கம் போன பிறகு ஒருத்தன் வந்தான். லாரி இல்லை. பைக். நீலச் சட்டை, முதுகில் அதே கைபிடிக்கிற படம். டெக்னீஷியனாம். வந்தவன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பானட்டைத் திறந்தான். பேட்டரியைக் கழற்றினான். பைக்கில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான்.

“எதுக்குப்பா பேட்டரி?” என்று மொக்கைச்சாமி கேட்டார். “புகைதான வந்துச்சு?”

“டெஸ்டுக்கு சார்.”

“எங்க தூக்கிட்டுப் போற?”

“வத்தலக்குண்டுல இன்னொரு வண்டி நிக்குது சார். அதையும் ஆரம்பிச்சு வெச்சுட்டு வந்துர்றேன். உங்க கேஸ ஆரம்பிச்சாச்சு, கவலப்படாதீங்க. இனி வேற யாரும் இதுல கை வைக்க முடியாது.”

கிளம்பிவிட்டான்.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். ஒரு வேலையை எடுத்தால் அதை முடிக்க வேண்டும். அரைகுறையாகப் பிரித்துப் போட்டுவிட்டு, அடுத்த வேலையைப் பிரிக்கப் போகிறவன் மனுஷனா? அப்படிப் பிரித்துப் போடுவதும் எதற்கு? நாம் வேறு ஆளிடம் போய்விடக் கூடாது என்பதற்கு. என்ன நரித்தனம் பாருங்கள். இதையெல்லாம் அங்கேயே சத்தமாகச் சொன்னேன். “தொழில் பண்றவனுக்கு ஒரு மனசாட்சி வேணாமாய்யா?” என்றேன்.

சதீஷ்பாண்டி கையை விரித்தபடியே தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். மொக்கைச்சாமியும் பார்த்தார். ஏன் என்னைப் பார்க்கிறார்கள்? பேட்டரியை நானா எடுத்துக்கொண்டு போனேன்?

கொஞ்ச நேரத்தில் நல்ல காலம், ஒரு மெக்கானிக் அந்த வழியாக டூவீலரில் வந்தார். தேவதானப்பட்டியிலேயே பட்டறையாம். மொக்கைச்சாமி கையைக் காட்டி நிறுத்தினார். அவர் பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“பேட்டரி எங்கண்ணே?”

“கம்பெனிக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்.”

“அப்ப நான் தொட மாட்டேன். ஒருத்தன் கழட்டுன வண்டி. நாளைக்கு எது போனாலும் என் தலையில விழும்.”

“தம்பி, காலப் பிடிக்கிறேன். பேட்டரி உன்கிட்ட இருந்தா ஒண்ண மாட்டிவிடு. ஆறு மணிக்கு இவன் மேடையில நிக்கணும்.”

அந்த ஆள் கொஞ்சம் இளகினார். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே சார். நான் குறுக்கே வந்தேன். “அவரு சொல்றதுதான்யா சரி. ஒருத்தர் கை வெச்சதுல இன்னொருத்தர் கை வைக்கிறது தொழில் தர்மம் இல்ல. நீங்க போங்க தம்பி” என்றேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மொக்கைச்சாமி இளநீர் அரிவாளைப் பார்த்தார். அந்த அம்மா அதை எடுத்துக் கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டது.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்கிறீர்கள். எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். பஸ் வந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை. திண்டுக்கல் பஸ், வரிசையாக வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பையன், “மாஸ்டர், பஸ்ஸு” என்பான். “இந்தக் கை மட்டும் முடியட்டும் தம்பி, பத்து நிமிஷம்” என்பேன். உடம்பு முழுக்கக் குண்டூசியோடு பஸ்ஸில் எப்படி ஏறுவான்? கூட்டத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கதி என்ன? மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் தோள் பிரியும். என் பெயர் கெடும். ஆக, அந்தக் கம்பெனிக்காரன் நேரத்துக்கு வராததால் ஒரு பிள்ளைக்கு பஸ்ஸிலும் போக முடியாமல் ஆயிற்று. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போது பையனுக்குப் போன் வந்தது. கட்டிக்கொள்ளப் போகிற பொண்ணு, தமயந்தி. கையை மடக்க முடியாதென்று மொக்கைச்சாமிதான் போனை அவன் காதருகே பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எனக்கும் கேட்டது, இளநீர் அம்மாவுக்கும் கேட்டது.

“எங்க இருக்கீங்க?”

“வந்துக்கிட்டே இருக்கேன். ஒரு பத்து நிமிஷம்.”

“நீங்களுமா?” என்றது பொண்ணு. “அப்பா வாசல்ல சேரப் போட்டு உக்காந்துட்டாரு. மடியில ஏழு லீவர் பூட்டு. சாவியக் கையில வெச்சிருக்காரு. ஆறு அடிச்சா எந்திரிப்பாரு. சொல்லிட்டேன்.”

“தமா, நான் என்ன செய்ய? கை ரெண்டும்...”

“கைக்கு என்ன?”

“குத்தியிருக்கு.”

“யாரு குத்துனா?”

லைன் போய்விட்டது. பையன் கண்ணில் தண்ணீர். துடைக்கக் கை வரவில்லை. எனக்கே கஷ்டமாகிவிட்டது. மொக்கைச்சாமி கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். அந்தக் கம்பெனிக்கு நானே போட்டேன். நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டால்தான் இவர்களுக்கு உறைக்கும்.

“உங்க கம்ப்ளெய்ண்ட் முடிஞ்சிருச்சுன்னு காட்டுது சார்” என்றது அதே பொண்ணு. “சேவை எப்படி இருந்துச்சு? ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஒரு நம்பர் அழுத்துங்க.”

“அம்மா, நம்பர் அப்புறம். நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. வேலைய ஒத்துக்கிட்டா சொன்ன நேரத்துக்கு முடிக்கணுமா வேணாமா?”

“முடிக்கணும் சார்.”

“அரைகுறையாப் பிரிச்சுப் போட்டுட்டு, இதோ அதோன்னு இழுத்தடிச்சா, வேல குடுத்தவன் வீட்டுல ஒரு நல்லது கெட்டது இருக்குமேன்னு நெனைக்க வேணாமா?”

“ரொம்ப சாரி சார். நீங்க யாரு பேசுறது? வண்டி ஓனரா?”

“இல்லம்மா. நான் டெய்லர். மாப்பிள்ளைக்குக் கோட் தெச்சுக்கிட்டு இருக்கேன், ரோட்டுல.”

அந்தப் பக்கம் ஏதோ தொண்டையில் சிக்கிய மாதிரி ஒரு சத்தம். “டெய்லரா சார்?” என்று கேட்டது. பக்கத்தில் யாரிடமோ, “ஏய், டெய்லருடி” என்று சொன்னது. நான்கைந்து பேர் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று இன்றுவரைக்கும் எனக்குப் புரியவில்லை. வேலை நேரத்தில் என்ன சிரிப்பு?

ஆனால் திட்டியதற்குப் பலன் இருந்தது. லாரி வந்தது. முதுகு தட்டையான லாரி, காரை அப்படியே மேலே ஏற்றிவிடுகிற லாரி. டிரைவர் பெயர் ஆரோக்கியம். ஆளும் பெயருக்கு ஏற்ற ஆள். சங்கிலி போட்டு இழுத்துக் காரை ஏற்றினார். பேட்டரி பற்றிக் கேட்டோம். “அது வேற டிபார்ட்மென்ட்” என்றார். திண்டுக்கல் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னோம்.

“எங்க ஷெட்டு திண்டுக்கல்லதான். மண்டபம் வழியாத்தான் போவேன். சட்டுனு முன்னால ஏறுங்க.”

“கொஞ்சம் இருங்க தம்பி. இந்தக் கையில நாலு தையல்தான். பத்து நிமிஷம்” என்றேன்.

அவருக்கு வந்ததே கோபம். ஸ்டியரிங்கைத் தட்டினார். ஹாரனை அழுத்தினார். “பெரியவரே, எனக்கு இன்னும் மூணு வண்டி நிக்குது. வெயிட்டிங்லாம் போட முடியாது” என்றார். பாருங்கள் சார், மத்தியானத்திலிருந்து எங்களை வெயிலில் காயப் போட்டவர்களுக்குப் பத்தே பத்து நிமிஷம் பொறுக்க முடியவில்லை. நாடு எப்படி உருப்படும்?

கடைசியில் அவரே வழி சொன்னார். “மூணு பேரும் மேல கார்லயே ஏறி உக்காருங்க. அங்க உக்காந்து தெச்சுக்குங்க. போலீஸப் பாத்தா குனிஞ்சுக்குங்க.”

ஏறினோம். மொக்கைச்சாமி முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். என்னத்துக்குப் பிடித்தார் என்று தெரியவில்லை. லாரி வளைந்தபோதெல்லாம் அவரும் வளைத்தார். பின்சீட்டில் பையனும் நானும். கை இரண்டையும் முடித்தேன். காலரை முடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, என் கை அன்றைக்கு மிஷின் மாதிரி ஓடியது. மிச்சம் பின்பக்க ஓரம். உள்துணியை மடித்துத் தைக்க வேண்டும். “அப்படியே கொஞ்சம் சாஞ்சு உக்காரு தம்பி, அசையாத” என்று சொல்லிவிட்டு, பின்னால் கையை விட்டுத் தைத்தேன். லாரி குதிக்கிறது. வெளிச்சமும் மங்கிவிட்டது. எனக்குக் கண்ணாடி வேறு கடையில். கை பழக்கத்தில் போகிறது. கெட்டித் தையல். இரட்டை நூல்.

மண்டபம் வந்தது. ஆறு அடிக்கக் கொஞ்சம்தான் இருந்தது. பால்ச்சாமி சொன்னபடியே வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பூட்டு. லாரி உள்ளே திரும்பியது. மேலே கார், காருக்குள் கோட் போட்ட மாப்பிள்ளை. செண்டை மேளக்காரர்களுக்கு என்ன தெரியும்? மாப்பிள்ளை ஊர்வலமாக வருகிறார் என்று நினைத்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தன் வெடியைப் பற்ற வைத்தான். ஜனமெல்லாம் வெளியே வந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தது.

பால்ச்சாமி எழுந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. “பரவால்ல, செலவு பண்ணித்தான் வந்திருக்காங்க” என்று பக்கத்தில் சொன்னார். “இறங்கச் சொல்லுங்க.”

மொக்கைச்சாமி இறங்கினார். நான் இறங்கினேன். மாப்பிள்ளை இறங்கவில்லை.

“இறங்குங்க மாப்பிள்ளை” என்றார் பால்ச்சாமி.

பையன் எழுந்திருக்கப் பார்த்தான். பாதி எழுந்தான். பொத்தென்று உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். கீழே நிற்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியும். பெண் வீட்டில் யாரோ ஒரு பெரியம்மா, “மோதிரம் போட்டாத்தான் இறங்குவாரு போல” என்றது. இன்னொருத்தர், “மோதிரத்துக்கா லாரியில வந்தாரு? காரு கேக்குறாரு. அதான் பழைய காரத் தூக்கிட்டு வந்து காட்டுறாரு” என்றார்.

மேளம் நின்றுவிட்டது. பால்ச்சாமி முகம் கறுத்தது. பூட்டைக் கையில் எடுத்தார். “நிச்சயத்துக்கு மூணு மணி நேரம் காக்க வெச்சாங்க, பொறுத்தேன். இன்னிக்கு வாசல்ல உக்காந்துகிட்டு காரு கேக்குறாங்களா? தமயந்தியக் கூப்பிடு. வீட்டுக்குப் போவோம்.”

“மச்சான், அப்படியெல்லாம் இல்ல மச்சான்” என்று மொக்கைச்சாமி அவர் கையைப் பிடித்தார். பையன் மேலிருந்து கத்தினான். “மாமா, நான் ஒண்ணும் கேக்கல. எந்திரிக்க முடியல.” மறுபடி குதித்தான். மறுபடி உட்கார்ந்தான். எனக்கு அப்போது ஒரு சந்தேகம் தட்டியது. ஆனால் பத்துப் பேர் பேசும் இடத்தில் நாம் என்ன பேசுவது? நான்தான் அதிகம் பேசாத ஆள் ஆயிற்றே.

அந்தப் பொண்ணு வந்தது சார். பட்டுப் புடவையும் நகையுமாக வந்தது. வந்த வேகத்தில் புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து லாரி மேல் ஏறிவிட்டது. ஆரோக்கியம்தான் கை கொடுத்தார். காருக்குள் தலையை விட்டுப் பார்த்தது. மாப்பிள்ளை முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தது. அப்புறம் மெதுவாகத் தலையை வெளியே எடுத்து, கூட்டத்தில் என்னை மட்டும் பார்த்தது. எப்படிக் கண்டுபிடித்ததோ. கழுத்தில் டேப் கிடந்தது, அதனால் இருக்கலாம்.

“தாத்தா, கத்தரி.”

“தொழில் கத்தரிம்மா. அடுத்தவங்க கையில நான் தர்றது...”

“தாத்தா.”

கொடுத்துவிட்டேன். அந்தப் பொண்ணு சீட் கவரில் கத்தரியை வைத்துச் சுற்றி வெட்டியது. கோட்டில் ஒரு நூல் படவில்லை, கெட்டிக்காரி. வெல்வெட்டுக்கு அடியில் ஸ்பாஞ்சு. துணி வெட்டுகிற கத்தரியில் ஸ்பாஞ்சு வெட்டினால் முனை போகும் என்று யாராவது யோசித்தார்களா? கீழே மொக்கைச்சாமி, “ஐயோ என் கவரு” என்று நெஞ்சைப் பிடித்தார். வெட்டி முடித்ததும் மாப்பிள்ளை எழுந்தான். பின்னால் ஒரு முழத்துக்கு மெரூன் வெல்வெட் தொங்கியது.

பொண்ணு அவனைத் திருப்பி எல்லோருக்கும் முதுகைக் காட்டியது. “அப்பா, இவரு ஒண்ணும் கேக்கல. இவரக் காரோட சேத்துத் தெச்சு வெச்சிருக்காங்க.”

பால்ச்சாமி பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அந்த ஆள் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லையாம். அன்றைக்குச் சிரித்தார். பூட்டு கையிலிருந்து விழுந்து அவர் கால் விரலிலேயே பட்டது. அப்போதும் சிரித்தார். மேளம் மறுபடி ஆரம்பித்தது. இரண்டு பேரும் லாரியிலிருந்து கைகோர்த்து இறங்கி நேராக மேடைக்குப் போனார்கள். போட்டோவெல்லாம் முன்பக்கம்தானே எடுக்கிறார்கள். ஒன்றும் தெரியவில்லை. பந்தியில் மட்டும் அந்த வெல்வெட்டைப் பிரித்து எடுத்தார்களாம். கோட்டோடு பேண்ட்டும் சேர்ந்திருந்ததால் அரை மணி நேரம் ஆனதாம். ஆகும். என் தையல்.

அந்தத் துண்டுதான் அது. மொக்கைச்சாமி மறுநாள் கடைக்கு வந்து என் மேல் வீசிவிட்டுப் போனார். அதோடு இந்தப் பக்கமே வரவில்லை. கடையை மூடிவிட்டுக் கூடவே போய்ப் பொழுது முழுக்க உழைத்தவனுக்குக் கிடைத்த மரியாதை.

கம்பெனிக்காரனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பேட்டரி இன்னும் வரவில்லையாம். போன் போட்டால், “கேஸ் ஓப்பன்ல இருக்கு சார்” என்கிறார்களாம். வருஷம் ஒன்றாகப் போகிறது. இப்படியும் ஒரு தொழிலா?

பொத்தானா? அந்தக் கோட்டுக்கா? வைக்கவில்லை. நேரம் எங்கே இருந்தது? என்னிடம்தான் இருக்கிறது, இதோ இந்த டப்பாவில். கோட்டைக் கொண்டுவாருங்கள், பத்து நிமிஷ வேலை என்று சொல்லி அனுப்பினேன். வர மாட்டேன் என்கிறான் பையன். பிடிவாதம்.

என்ன எழுந்துவிட்டீர்கள்? உங்கள் சட்டையைக் காட்டுகிறேன், இருங்கள். இதோ. இது முன்பக்கம். இது பின்பக்கம். இது ஒரு கை. இன்னொரு கை இங்கேதான் எங்கேயோ இருக்கிறது. அந்த ஸ்டூலுக்குக் கீழே போட்டீர்களே, அதில் பாருங்கள்.

துணியைக் கொடுத்துவிடவா? வெட்டுப் போட்டாச்சே சார். யார் தொடுவான்?

இன்றைக்கே ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போட வேண்டுமா? எந்த ஊரில்? மதுரையா? எத்தனை மணிக்கு? ஐந்துக்கா? அட, நிறைய நேரம் இருக்கிறதே. கோபப்படாதீர்கள். அந்த மஞ்சள் பையை எடுங்கள். ஊசி இருக்கிறது. நூல் இருக்கிறது. கத்தரி முனை கொஞ்சம் மழுங்கல், சமாளிக்கலாம். கண்ணாடியையும் இந்தத் தடவை எடுத்துக்கொள்கிறேன். ஷட்டரை ஒரு கை பிடியுங்கள்.

வண்டியை உங்கள் வீட்டம்மாவே ஓட்டட்டும். நாம் பின்னால் உட்காருவோம்.

சீட் கவர் துணியா சார்? அப்படியென்றால் அதை மட்டும் முதலில் கழற்றிவிடுங்கள். பத்து நிமிஷம் ஆகும். பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்.